உஸ்தாஜா வகுப்பில் நான்கு மாதம்

போன வாரம் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போக கொமுட்டர் ரயிலில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு மலாய் அம்மாள் வந்து உட்கார்ந்தார். மடியில் பழப் பை, கையில் போன். அவர் தலைத்துணியை இழுத்துச் சரிசெய்தபோது ரோஜா அத்தர் வாசம் வந்தது. அவ்வளவுதான். என் வலது கை தானாக எழுந்து நெற்றிப் பொட்டைத் துடைத்துவிட்டது. ஒட்டுப் பொட்டு, விரலோடு வந்துவிட்டது. அந்த அம்மாள் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். எனக்கு ஐம்பது ஆகப்போகிறது. என் கை மட்டும் இன்னும் பதிமூன்று வயதிலேயே இருக்கிறது போல.

எதற்கு என்று சொல்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள்.

ஆறாம் ஆண்டு வரை நான் பந்திங் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். பிறகு அப்பாவுக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை கிடைத்து பண்டமாரானுக்குக் குடிவந்தோம். என்னைக் கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் சேர்த்தார்கள். எண்பதுகளின் கடைசி அது. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி பிள்ளைகளை நேராக முதல் படிவத்தில் விடமாட்டார்கள். முதலில் மலாய் பழகட்டும் என்று ஓராண்டு புகுமுக வகுப்பில் வைப்பார்கள். அந்த வகுப்பில் நான் பழகிய முதல் பாடம், வாயைத் திறக்காமல் இருப்பது. இரண்டாம் நாளே ஒருவன் கட்டொழுங்கு ஆசிரியரிடம் ஏதோ பதில் சொல்லப்போய் ரோத்தான் பிரம்பால் மூன்று அடி வாங்கினான். அவன் சொன்ன பதில் சரியா தவறா என்றுகூட எனக்குப் புரியவில்லை. அடி விழுந்த சத்தம் மட்டும் புரிந்தது.

அந்தப் புதன்கிழமை மூன்றாவது பாடவேளை. முஸ்லிம் மாணவர்கள் சமய வகுப்புக்கு மாடிக்குப் போக வேண்டும், மற்றவர்கள் கீழேயே உட்கார்ந்து நன்னெறிக் கல்வி படிக்க வேண்டும். எங்கள் வகுப்பாசிரியை ஒரு சீன மாது. அலுவலகத்திலிருந்து வந்த பட்டியலைப் பார்த்து இரண்டு பெயர் படித்தார். ஒன்று ஜமீலா. இன்னொன்று நான்.

என் பெயர் சின்னது. மலாய்க் குடும்பங்களிலும் வைக்கிற பெயர். அதுகூடப் பரவாயில்லை. அப்பாவின் பெயர் நாகூரான். அப்பாவுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாவது தங்கட்டும் என்று நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை அவர். பதிந்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டு 'நாகூர்' என்றே பதிந்துவிட்டார்கள். என் பெயர், அப்பாவின் பெயர் இரண்டையும் சேர்த்துப் படித்த அலுவலகக் குமாஸ்தா, பக்கத்தில் 'இஸ்லாம்' என்று எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானே படித்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் மலாயில் 'இல்லை'க்கு இரண்டு சொல் இருக்கிறது. ஒன்று 'புக்கான்', ஒன்று 'தீடாக்'. எதை எங்கே போடுவது என்று எனக்கு அப்போது பிடிபடவே இல்லை. 'சாயா' என்றால் நான்; சாயா புக்கான் இஸ்லாமா, சாயா தீடாக் இஸ்லாமா? தவறாகச் சொன்னால் முப்பத்தைந்து பேரும் சிரிப்பார்கள், பிரம்புக்காரரும் வந்தாலும் வருவார். நான் மனசுக்குள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை, "ம், போ போ," என்று கையை ஆட்டினார். போய்விட்டேன்.

ஜமீலா கிள்ளான்காரி. அவள் அத்தாவுக்குத் துணிக்கடை இருந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்த முஸ்லிம் பிள்ளை எங்கள் வகுப்பில் அவள் ஒருத்திதான். மாடிப்படியில் பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏய், நீ எங்க வர்ற?"

"டீச்சர் கூப்புட்டாங்க."

"நீ முஸ்லிமா?"

"இல்ல."

"அப்ப சொல்லு லா."

"நீ சொல்றியா?"

"நானா? நான் எதுக்கு அடி வாங்கணும்?" என்றவள், என் நெற்றியைப் பார்த்தாள். "சரி, மொதல்ல பொட்ட அழி."

எச்சில் தொட்டு அழித்தேன். அப்படித்தான் அது தொடங்கியது.

சமய ஆசிரியையை உஸ்தாஜா என்பார்கள். எங்கள் உஸ்தாஜா கிளந்தானிலிருந்து வந்தவர், இளம் வயது. அவர் பேசுகிற மலாய், மற்ற வகுப்புகளிலிருந்து வந்த மலாய்ப் பிள்ளைகளுக்கே பாதிதான் புரியும். எனக்கு ஒன்றுமே புரியாது. தலைத்துணி கொண்டுவராதவர்களுக்குக் கொடுக்க ஒரு பிரம்புக்கூடை நிறைய துணி வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ரோஜா அத்தர் வாசம். வாராவாரம் நான் தலைத்துணி மறந்துவிட்டு வந்தவளாகப் போய் நிற்பேன். அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. துணியைப் போட்டு, தாடைக்குக் கீழே ஊசி குத்தும்போது குத்திவிடாமல் இருக்கத் தன் விரலை நடுவில் வைத்துக்கொள்வார். அவர் அடித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவ்வளவு நல்லவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் உறுத்தியது.

ஜாவியை, அதாவது மலாயை எழுதுகிற அரபு எழுத்தை, வலமிருந்து இடமாக எழுதப் பழகினேன். ஜமீலாவைப் பார்த்து எழுதுவேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டைக் கட்டிலின் பலகைக்கு அடியில் செருகிவிடுவேன். வெள்ளிக்கிழமை சாமி கும்பிடும்போது முருகன் படத்தை நேராகப் பார்க்க மாட்டேன். இங்கேயும் கோபம், அங்கேயும் கோபம் என்றால் நான் எங்கே போய் நிற்பது என்று பதிமூன்று வயதில் யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்லவும் இருந்தேன். அதைக் கெடுத்தது பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா. ஒரு சாயங்காலம் குழாயடியில் அம்மாவிடம் மதம் மாறிப் பதிந்துகொண்ட யாரோ ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேரு ஒரு தடவ ரெஜிஸ்டர்ல ஏறிட்டா அவ்ளோதான். அப்பறம் யாராலும் மாத்த முடியாது லா. செத்தாகூட நம்ம வழக்கப்படி எடுக்க வுட மாட்டாங்க."

"அய்யோ, பெத்தவங்க?"

"பெத்தவங்க என்னா பண்ணுவாங்க? தூரமா நின்னு பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

உண்மையோ பொய்யோ, லெட்சுமி அக்காவுக்கே யார் சொன்னார்களோ தெரியாது. நான் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் நிரம்பி என் காலில் வழிந்தது. என் பெயர் ஏறி அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் செத்துக் கிடக்க, அம்மாவும் அப்பாவும் தூரமாய் நிற்பதை என்னால் கண்ணெதிரே பார்க்க முடிந்தது. இனி சொல்லிப் பயனில்லை, தெரிந்தால் அவர்களுக்கும் பயம்தான் என்று முடிவு செய்துகொண்டேன். பெரிய தியாகம் செய்வதாக நினைப்பு.

நோன்பு மாதம் வந்தது. கேண்டீனில் முஸ்லிம் மாணவர்கள் யாராவது சாப்பிட்டால் சட்டாம்பிள்ளைகள் பெயரை எழுதிக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு. நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டாம் நாளே அம்மா, "ஏன்டி, இட்லி பிடிக்கலையா?" என்று சந்தேகமாகப் பார்த்தார். ஜமீலாதான் வழி சொன்னாள்.

"நான் நோம்பு இருக்கேன், எனக்குப் பசிக்குது. நீ எதுக்கு லா பட்டினி கெடக்குறே? போய்ச் சாப்புடு."

"பாத்துட்டா?"

"அப்ப டாய்லெட்ல போயி சாப்புடு. நான் வெளிய நிக்கிறேன்."

நோன்பு இருந்த பிள்ளை வாசலில் காவல் நிற்க, கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு மாதம் இட்லி தின்றேன். இன்றைக்கும் பினாயில் வாசம் வந்தால் எனக்குப் பசிக்கும். என் கணவரிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

பெருநாள் விடுமுறை முடிந்து வந்ததும் உஸ்தாஜா ஓர் அறிவிப்பு செய்தார். ஜமீலா மொழிபெயர்த்தாள். அடுத்த புதன் தொழுகைப் பயிற்சி. பள்ளிக்குள் இருந்த சூராவில், அதாவது சின்னத் தொழுகை அறையில், எல்லாரும் வரிசையாக நின்று தொழுது காட்ட வேண்டும். மதிப்பெண் உண்டு. அந்த ஒரு வாரம் காய்ச்சல் வர வேண்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டேன். மழையில் நனைந்தேன். ஒரு தும்மல்கூட வரவில்லை.

புதன்கிழமை குழாயடியில் ஜமீலா செய்தது போலவே கையையும் முகத்தையும் காலையும் கழுவினேன். தலையிலிருந்து கால்வரை மூடுகிற வெள்ளை உடுப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். உஸ்தாஜா ஒவ்வொருவர் தோளாகத் தொட்டு வரிசையை நேராக்கிக்கொண்டு வந்தார். அதுவரை நான் செய்ததெல்லாம் எழுத்தும் மனப்பாடமும்தான். இது அப்படி இல்லை. சுற்றிலும் நின்ற பிள்ளைகள் முகம் மாறிவிட்டிருந்தது. ஜமீலா கண்ணை மூடியிருந்தாள். அவள் உண்மையாக நிற்கிற இடத்தில் நான் பொய்யாக நிற்கிறேன் என்று தோன்றியது. உஸ்தாஜாவின் கை என் தோளுக்கு வந்தது.

"சாயா... தீடாக்... புக்கான்..." என்றேன். இரண்டையும் சொல்லிவிட்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உஸ்தாஜா குனிந்து என்ன என்று கேட்டார். நான் அழுதுகொண்டே நின்றேன். பக்கத்திலிருந்து ஜமீலா, தலையைக் குனிந்தபடி, மலாயில் சொன்னாள்: "உஸ்தாஜா, இவ ஹிந்து."

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தபோது உஸ்தாஜாவின் முகத்தில் கோபமே இல்லை. வீட்டுக் கண்ணாடியில் நான்கு மாதமாக நான் பார்த்து வந்த முகம் அங்கே இருந்தது. அவர் பயந்துபோயிருந்தார்.

அந்த வெள்ளை உடுப்பை அவரே கழற்றினார். என் கையைப் பிடித்து அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். நடைபாதையில் நின்று, எனக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "என் மேல உனக்குக் கோபமா?"

"தீடாக்," என்றேன். அந்த ஒரு தடவை சரியான 'இல்லை' வாயில் வந்தது.

அப்பாவுக்குத் தகவல் போயிற்று. கிடங்கு உடுப்போடு, மாவுத் தூசி அப்பிய தலையோடு வந்தார். நான் ஏதோ திருடிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தாராம். தலைமையாசிரியர் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். உஸ்தாஜா எழுந்து நின்று, தவறு தன்னுடையது, முன்பே விசாரித்திருக்க வேண்டும் என்றார். புகார் எழுதப் போகிறீர்களா என்று தலைமையாசிரியர் கேட்டார். எல்லாரும் அப்பாவின் வாயைப் பார்த்தார்கள். அப்பா என் தலைமேல் கையை வைத்தார். அந்த அறையில் பயப்படாதவர்கள் யாருமே இல்லை.

"புகாரெல்லாம் வேணாங்க," என்றார் மலாயில். "எழுதுனத மாத்துங்க. நான் கண்ணால பாக்கணும்."

குமாஸ்தா பதிவேட்டைக் கொண்டுவந்தார். சிவப்பு மையால் அடித்து, மேலே 'ஹிந்து' என்று எழுதினார். அப்பா குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். முத்திரை குத்தச் சொன்னார். குத்தினார்கள். இன்னொரு முறை படித்தார். லெட்சுமி அக்கா சொன்னது பள்ளிப் பதிவேட்டை இல்லை, மதம் மாறியவர்களை அரசாங்கம் பதிகிற பதிவேட்டை என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் பிழைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?" என்று பஸ்ஸில் கேட்டார்.

"பயமா இருந்துச்சுப்பா."

அப்பா வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, சாமி மேடை முன்னால் நின்றார். அதன் ஓரத்தில் நாகூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு பச்சைத் துணித் துண்டு கட்டியிருக்கும். வியாழக்கிழமைதோறும் அதற்குத் தனியாக ஊதுபத்தி காட்டி, சர்க்கரை வைத்து எங்களுக்குக் கொடுப்பார். அன்றைக்கு அதன் முடிச்சை அவிழ்த்தார்.

"ஏங்க, அது என்னா பண்ணுச்சு?" என்றார் அம்மா.

"ஒண்ணும் பண்ணல. இருந்தாலும் பயமா இருக்கு."

மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். மறுபடி அதைக் கட்டவே இல்லை. கொஞ்ச நாளில் யாராவது பெயர் கேட்டால் 'ராஜு' என்று சொல்லத் தொடங்கினார். வியாழக்கிழமைச் சர்க்கரையும் நின்றுபோனது.

அடுத்த புதன் மணி அடித்ததும் ஜமீலா புத்தகத்தோடு எழுந்தாள். பழக்க தோஷம், நானும் எழுந்துவிட்டேன். "நீ உக்காரு லா," என்றாள் சிரித்துக்கொண்டே, "இனிமே நீ இங்கதான்." அன்பாகத்தான் சொன்னாள். நான் நன்னெறி வகுப்பில் நேர்மையைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். நல்ல மதிப்பெண் கூடக் கிடைத்தது. அவள் மாடிக்குத் தனியாக ஏறிப் போனாள்.

அடுத்த ஆண்டு முதல் படிவம். அட்டவணை போட வசதி என்று முஸ்லிம் மாணவர்களை ஒரே வகுப்பில் சேர்த்தார்கள். ஜமீலா அங்கே போனாள். கேண்டீனில் பார்த்தால் பேசுவோம். பிறகு கையசைப்பு மட்டும். ஒருநாள் நான் தமிழில் ஏதோ கேட்க, தோழிகளோடு இருந்த அவள் மலாயில் பதில் சொன்னாள். சொன்ன பிறகு இருவருமே கவனித்தோம். அவரவர் மேசைக்குப் போய்விட்டோம். மூன்றாம் படிவத்தில் அவள் அத்தா கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு எங்கேயோ வடக்கே போய்விட்டார்.

அந்தப் பள்ளியில் இப்போது என் அக்கா மகள் படிக்கிறாள். வெகு கெட்டிக்காரி, மூன்று மொழியிலும் வாயடிப்பாள், யாருக்கும் பயப்பட மாட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம், உனக்கு முஸ்லிம் பிள்ளைகள் யாராவது கூட்டாளி உண்டா என்று கேட்டேன்.

"அவங்கல்லாம் வேற கிளாஸ் சித்தி," என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.