எந்தக் காலைக் காட்டுவது

பக்கிரியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே கரும்பு டிராக்டர் நசுக்கிவிட்டது. பார்க்காமல் பின்னால் ஓட்டியவன் அவன் சித்தப்பா மகன் பலராமன். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், "சாமி குத்தம்" என்று கரையாம்புத்தூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. திரௌபதியம்மன் தீமிதியில் கரகம் சுமந்து முதலில் குழியில் இறங்குவது பக்கிரி வீட்டு உரிமை. பக்கிரியால் முடியாமல் போனால் அது பலராமனுக்குப் போகும். போனால் திரும்பாது.

காலை எடுத்த பிறகு, இலவச முகாமில் பக்கிரிக்குப் பொய்க்கால் கொடுத்தார்கள். ரப்பர் பாதத்தில் விரல்கூடச் செதுக்கியிருந்தது. நகம் மட்டும் இல்லை.

காப்புக் கட்டும் நாளன்று பலராமன் கோயில் வாசலில் மறித்தான்.

"இன்னாண்ணே, ரப்பர் காலோட எறங்கப் போறியா? டயர் கொளுத்துன மாரி நாறும். அம்மாளே எழுந்து ஓடிப்பூடுவா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"என் கால நான் பாத்துக்கறேன். நீ ரிவர்ஸ் எடுக்கறப்ப மட்டும் பின்னால பாரு."

தர்மகர்த்தா சுப்புராயன் இழுத்தார். "நடுக்குழியில உருகிப் போச்சின்னா யாரு பதில் சொல்றது, பக்கிரி?"

"உருகாத காலோட வரேன். காப்பக் கட்டுங்க."

மடுகரை லேத் பட்டறையில் ரப்பர் பாதத்தைக் கழற்றச் சொல்லி, ஒரு இரும்புக் குழாயும் அதனடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடும் வைத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டி செல்வகுமாரி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"மாட்டுக்கு லாடம் அடிச்ச மாரி இருக்குது."

"அவன் கரகம் தூக்கறதப் பாக்கணுமா? சொல்லு, இப்பவே கழட்டி எறியறேன்."



தீமிதி அன்று சாயங்காலம், தணலைப் பரப்பி முடித்த நேரத்தில், பலராமன் மறுபடி குரலை உயர்த்தினான்.

"இரும்புக்குச் சூடு தெரியுமா? சுடாத காலுக்குத் தீ எதுக்கு? அம்மாளையே ஏமாத்தறான்!"

சிலர் தலையாட்டினார்கள். பக்கிரிக்கு அதுதான் தைத்தது. அந்தக் கேள்வி அவனுக்குள்ளேயும் இருந்தது.

"இன்னொரு காலு இருக்குதில்ல, அதக் கேளுடா," என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

விரதம் சுத்தமாக இருந்தவனுக்குப் பாதம் கொப்பளிக்காது என்பது ஊர் நம்பிக்கை. கொப்பளித்தவன் மறுபடி கரகத்தைத் தொட முடியாது.

பட்டறையின் சிமெண்டுத் தரையில் நடந்து பார்த்திருந்தான்; தணலில் அந்தத் தகடு புதையும் என்று யோசிக்கவில்லை. அதைப் பிடுங்கி எடுத்த ஒவ்வொரு தடவையும் மொத்த உடம்பும் வலது காலில் நின்றது. ஓடுகிற காலைத் தீ விட்டுவிடும், நிற்கிற காலை விடாது. தலையில் கரகம் ஆடவில்லை. தணல் முடிகிற இடத்தில், பால் ஊற்றி வைத்த பால்குழியில் மிதித்தபோது இரும்பு புஸ்ஸென்று சீறியது. வலது உள்ளங்கால் சத்தமில்லாமல் வெந்திருந்தது.

மேலே ஏறி நொண்டிக்கொண்டு நடந்தான். நொண்டி நொண்டுவதை யார் பார்ப்பார்கள்? பலராமன் பார்த்தான். எப்போதும் பொய்க்காலை இழுத்து நடப்பவன், இன்று அதையே அழுத்தி ஊன்றி நடக்கிறான்.

"கொப்பளிச்சிருக்குது! காலக் காட்டச் சொல்லுங்க!"

சுப்புராயன் பக்கிரியைப் பார்த்தார். பக்கிரி திரும்பி, பலராமனுக்கு நேரே வந்து நின்றான். வெந்த பாதத்தில் முழு உடம்பையும் நிறுத்தி, இரும்புக் காலைத் தூக்கி அவன் முன்னால் நீட்டினான்.

"பாரு. நீ எடுத்ததுக்குப் பதிலா வந்த காலு. நல்லா பாரு."

தகட்டிலிருந்து பால் சொட்டியது. பக்கிரியின் தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கரகம் மட்டும் அசையவில்லை.

"போதும், கரகத்த உள்ள கொண்டா," என்றார் சுப்புராயன்.

பலராமன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வரைக்கும் பக்கிரி காலை இறக்கவில்லை.