அரிக்கேன் சிம்னிக்குள் வந்த கறுப்புக் குளவி

எறும்பில் பாதி இருக்கும் ஒரு பூச்சிக்கு நடுங்குவாய் என்று, வேலைக்குச் சேர்ந்த அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அறுபதுகளின் கடைசியில், பூந்தமல்லி பக்கம் ஒட்டுண்ணி வளர்ப்பு நிலையம் ஒன்றில் நான் லேப் அசிஸ்டென்ட். தென்னை ஓலையைச் சுரண்டித் தின்னும் கருந்தலைப்புழுவை ஒழிக்க, பெத்திலிட் என்ற சின்னக் குளவியை வளர்த்துத் தோப்புகளில் விடுவோம். அது புழுவைக் கொட்டி மயக்கி, அதன் மேலேயே முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று முடித்துப் பக்கத்திலேயே கூடு கட்டி, அதற்குள் குளவியாக மாறும்.

நசரத்பேட்டை ரஹீம் பாய் தோப்பில் மட்டும் எத்தனை தடவை விட்டும் புழு குறையவில்லை. மரங்கள் தீய்ந்துபோய் நின்றன. பாய்க்கு அந்தத் தோப்பை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

அங்கே புழுவும் கூடும் ஒட்டியிருக்கும் ஓலை எடுத்துவரப் போனவர் எங்கள் ஃபீல்டு ஆள் தனபால். ஒரு ட்யூபில் ஒன்றுதான் போட வேண்டும். புழு தனி, கூடு தனி. அப்போதுதான் எதிலிருந்து எது வந்தது என்று தெரியும். அன்று பஸ் நெரிசலில் ட்யூபெல்லாம் உடைந்துவிட்டது. மிஞ்சியதை அள்ளி, லேப்பில் கூண்டாக வைத்திருந்த அரிக்கேன் சிம்னி ஒன்றில் கொட்டித் துணி கட்டிவிட்டார்.

சில நாளில் அதற்குள் பளபளவென்று கறுப்புக் குளவிகள் ஓடின. எங்களுடையவை இல்லை. நிலையத்தின் ஆபீசர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. கால்சிட் என்ற குளவிக் கூட்டம் என்பதுவரை சொன்னார், இனம் பிடிபடவில்லை.

"பேரு தெரிய மியூசியத்துக்கு அனுப்பணும், பதில் வர மாசக்கணக்காகும். அத விடுங்க. இது புழுவுலேர்ந்து வந்துச்சா, நம்ம குளவிக் கூட்டுலேர்ந்து வந்துச்சா?"

"தெர்ல சார். எல்லாம் ஒண்ணாக் கீது," என்றார் தனபால்.

புழுவைத் தின்று வந்திருந்தால் சிநேகிதன். எங்கள் குளவியைத் தின்று வந்திருந்தால், இத்தனை நாளும் பாய் தோப்பில் நாங்கள் கொட்டியது அதற்குத் தீனி. துணியில் ஒரு பொத்தல் இருந்தால் நிலையமே காலி. துணியை ஓயாமல் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பாயே வந்துவிட்டார். "புதுப் பூச்சி வந்துகீதாமே. அத்தையும் உட்ருங்க சார். ஊட்ல அடுப்பு எரியணும்."

"கொஞ்சம் பொறுங்க பாய்." ஆபீசர் இரண்டு ட்யூபை எடுத்தார்.

ஒரு ட்யூபில் உயிருள்ள புழு, இன்னொன்றில் எங்கள் குளவியின் கூடு. இரண்டிலும் ஒவ்வொரு கறுப்புப் பெண் குளவியை விட்டோம். முதலாவது, புழுமேல் ஏறி இறங்கி அதன் பாட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது, கூட்டை உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்த்தது. பிறகு காலை ஊன்றி, முட்டையிடும் ஊசியைக் கூட்டுக்குள் இறக்கியது. அவசரமே இல்லை. அது தின்றது எங்கள் குளவியைத்தான்.

உள்ளே இருந்ததையெல்லாம் கொல்ல, ஆபீசர் ஈதர் நனைத்த பஞ்சைச் சிம்னித் துணிமேல் வைத்து அழுத்தினார்.

"பாய், புழு புடிச்ச மட்டையெல்லாம் வெட்டி எரிச்சிடுங்க. நம்ம கூடும் எரியும், அதுக்குள்ள இருக்கற கறுப்பும் எரியும். அப்புறம்தான் புதுசா விடுவேன்."

"அத்தினியும் வெட்னா மரம் நிக்குமா சார்?"

"தெரியல பாய்."

பாய் வெட்டினார். மொட்டையாய் நின்ற மரங்களைப் பார்க்கப் பயந்து, பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மழைக்குப் பிறகு குருத்து விரிந்தது. மறுபடி குளவி விட்டோம். கொஞ்ச காலம் கழித்துக் கூடுகளைச் சேகரித்தோம். தனபால் ட்யூபுகளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ட்யூப் ட்யூபாக எங்கள் குளவியே வந்தது. ஒன்றில் மட்டும் கறுப்பு.

"அப்ப தோத்துட்டமா சார்?" என்றார் பாய்.

"இல்ல பாய். அன்னிக்கு ஒண்ணும் தெரியாம பயந்தோம். இனிமே தெரிஞ்சு பயப்படுவோம்," என்றார் ஆபீசர்.

இப்போது இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் குற்றமில்லை. எதிலிருந்து வந்தது என்று தெரியாததை வெளியே விடாதீர்கள். பாய் தோப்பில் அப்புறம் மறுபடி பாளை வந்தது. முதல் இளநீரை அவர் எனக்குத்தான் வெட்டிக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கியும், கறுப்பு இன்னும் அங்கே இருக்குமோ என்று, குடிக்காமல் மேலே ஓலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.