பாக்கெட்டில் இருந்த காது மெஷின்

அம்மா போன மாதம் இறந்துவிட்டாள். நுரையீரல். அதைப் பற்றி மேலே சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அவள் சலவைக்கடையில் வேலை பார்த்தாள். கதை எழுதினாள். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று நின்றால் மற்றதும் நின்றுபோகும்.

கோடையில் கதைக்கு அவள் சிரமப்பட்டதில்லை. ஜன்னல்கள் திறந்திருக்கும். எதிர்வீட்டுச் சண்டை வசனம் பிசகாமல் எங்கள் சமையலறைக்கு வந்து சேரும். குளிர்காலத்தில் எல்லாம் அடைபட்டுவிடும். ஜன்னல் இடுக்குகளில் பழந்துணி, மத்தியானத்திலேயே இருட்டு, பஸ்ஸில் மஃப்ளருக்குள் புதைந்த முகங்கள். "ஊரே வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கு. நான் யாரைக் கேட்டு எழுதறது?" என்று அலுத்துக்கொள்வாள்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி பாக்கெட்டுகள். குளிர்காலம் வந்தால் கடையில் கனத்த கோட்டுகள் குவியும். மெஷினில் போடுவதற்கு முன் பாக்கெட்டுகளைக் காலி செய்ய வேண்டும். ஒரு பேனா போதும், ஒரு டிரம் துணியும் நாசம். அது அம்மாவின் வேலை. கிடைத்ததை ஒரு சின்ன கவரில் போட்டு, துணியின் எண்ணை எழுதி, கல்லாவுக்குக் கீழே உள்ள டிராயரில் வைப்பாள். மாலையில் அதிலிருந்து ஒன்றே ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஒற்றைக் கையுறை, கிழிக்காத சினிமா டிக்கெட், பாதி கடித்து மடித்து வைத்த மிட்டாய். சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அதை வைத்து, பார்த்துப் பார்த்து எழுதுவாள். மறுநாள் காலை அது டிராயருக்குத் திரும்பிப் போய்விடும். திருட்டு இல்லை, ஒரு ராத்திரி இரவல் என்பது அவள் கணக்கு.

கடையில் இஸ்திரி போடுகிறவருக்கு மட்டும் இது தெரியும். அம்மாவைவிட இளையவர். வாய் ஓயாது.

"என்ன எழுத்தாளரக்கா, இன்னிக்கு யார் குடும்பத்தைக் கலைக்கப் போறீங்க?"

"உன் பாக்கெட்டைக் காட்டு. உன் குடும்பத்துலேயிருந்தே ஆரம்பிக்கறேன்."

"என் பாக்கெட்ல ஓட்டைதான் இருக்கு."

"அதுவும் கதைதான்டா."

நான் சொல்ல வந்தது ஒரு குறிப்பிட்ட குளிர்காலத்தைப் பற்றி. அந்த வருஷம் பாக்கெட்டுகளும் கைவிட்டுவிட்டன. வாரக்கணக்கில் ஒரு வரி இல்லை. பென்சில்களைச் சீவி வைத்தாள். திரைச்சீலைகளைத் துவைத்தாள். துவைத்ததையே மறுபடி துவைத்தாள். உப்பு அதிகம் என்று சொன்னதற்கு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அப்போதுதான் ஒரு பழுப்புக் கோட்டின் உள்பாக்கெட்டிலிருந்து, டிஷ்யூ தாளில் சுற்றிய ஒரு காது மெஷின் கிடைத்தது.

நான் வேலையிலிருந்து வந்தபோது அம்மா எழுதிக்கொண்டிருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. மேசையில் இருந்தது என்ன என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"யாரோடதும்மா இது?"

"ஒரு பெரியவர். ஏதோ ஒரு பேச்சு பிடிக்காம கழட்டி உள்ளே போட்டிருக்கார். யார் பேச்சுன்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"இது இல்லாம அவருக்கு ஒண்ணும் கேக்காதும்மா."

"இன்னொரு காதுல இன்னொண்ணு இருக்குமில்ல?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"நாளைக்குக் குடுத்துடறேன்டி. தொணதொணக்காதே."

பேட்டரி தீர்ந்துவிடக்கூடாதே என்று அதன் சின்ன மூடியை மட்டும் திறந்து வைத்தேன். கருவிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஆளைப் பற்றி யோசிக்கவில்லை.

மறுநாளும் அது மேசையில் இருந்தது. அதற்கு மறுநாளும். கடைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். டிராயரில் மட்டும் வைக்கவில்லை. கையை விட்டுப் போனால் கதையும் போய்விடும் என்று பயம். அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் பெரியவர் கடைக்கு வந்திருக்கிறார். அம்மா சாப்பிடப் போயிருந்தாள். இஸ்திரிக்காரர் டிராயரைத் திறந்து காட்டி, இல்லை என்று கையை விரித்து அனுப்பிவிட்டார். அம்மா வந்ததும் சொன்னார்.

"பாவம்க்கா, தேடித் தேடி வந்தார்." அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்ககிட்டயா இருக்கு?" என்றார்.

"ரெண்டே நாள். கடைசிப் பக்கம்தான் பாக்கி."

இதை அம்மாவே பிற்பாடு என்னிடம் சொன்னாள். குரலை மாற்றாமல், ஒரு வார்த்தை குறைக்காமல்.

சனிக்கிழமை கதை முடிந்தது. எனக்கு வாசித்துக் காட்டினாள். நன்றாக இருந்தது. அவள் எழுதியதிலேயே நல்ல கதை அதுதான். ஞாயிற்றுக்கிழமை படி எடுத்தாள். திங்கட்கிழமை மாதப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்துவிட்டு, காது மெஷினை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். உள்ளே நுழையும்போது பெரியவர் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தார், ஒரு கறுப்பு சூட்டோடு.

"நாளைக்குக் காலையில வேணும்," என்றார், காது கேட்காதவர்களின் உரத்த குரலில். "தம்பி நேத்து ராத்திரி போயிட்டான். வெளியூர்ல இருந்தான். ஞாயித்துக்கிழமைன்னா போன் பண்ணுவான். நேத்துச் சாயந்திரமும் பண்ணான். மெஷின் இல்ல, ஒண்ணும் விளங்கல. நான் சரி சரின்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். எதுக்குச் சரின்னேன்னு தெரியல."

அம்மாவின் கை ஏப்ரன் பைக்குள் இருந்தது. வெளியே வரவில்லை.

அவர் போனபின் இஸ்திரிக்காரர்தான் யோசனை சொன்னார். "லைனிங் கிழிஞ்சு உள்ளே விழுந்துடுச்சு, இப்பதான் கெடச்சுதுன்னு சொல்லிடுங்கக்கா. நடக்கறதுதானே. மொதலாளிக்குத் தெரிஞ்சா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்."

சூட்டை மறுநாள் காலை தானே வீட்டுக்குக் கொண்டுவருவதாக, அவர் கிளம்புமுன்பே அம்மா சீட்டில் எழுதிக் காட்டியிருந்தாள். நான் கார் ஓட்டினேன். புது பேட்டரி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை. சூட்டை நான் தூக்கிக்கொண்டேன்.

கதவு ஏற்கனவே திறந்திருந்தது, எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். அம்மா மெஷினை நீட்டினாள். லைனிங்கைத் தொட்டுக் காட்டுவதுபோல் தன் கோட்டின் உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்து, பிறகு சுருங்கியது.

"கிழிஞ்ச பாக்கெட்ல போட்டது என் தப்பு. என் தப்பும்மா. நீங்க நல்லாருக்கணும்."

பேட்டரியை அவர் கையில் வைத்தேன். சூட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

ஒரு மாடி இறங்கியிருப்போம். அம்மா நின்றாள்.

"அந்தாளு அவர் தப்புன்னுட்டாரு."

"விடும்மா. இன்னிக்குப் போய் வேணாம்."

"வேற என்னிக்கு?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போனாள்.

கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அறைந்தாள். பக்கத்துக் கதவு திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கடைசியில் பெரியவர் ஒரு கையை மட்டும் கறுப்புக் கோட்டுக்குள் விட்ட நிலையில் வந்து நின்றார். மெஷினை இன்னும் மாட்டவில்லை.

"லைனிங்ல விழலைங்க!" என்று அம்மா கத்தினாள்.

"என்ன?"

"நான்தான் எடுத்து வெச்சிருந்தேன்! கதை எழுத! நீங்க தேடி வந்தது எனக்குத் தெரியும்! தெரிஞ்சும் குடுக்கல!"

மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. பக்கத்துப் பெண் உள்ளே போகவில்லை. பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். உள்ளே போனார். மெஷினை மாட்டிக்கொண்டு வர நேரமானது. வயதான விரல்களுக்கு அந்தப் பேட்டரி மிகவும் சிறியது. நான் உதவிக்குப் போகவில்லை.

"இப்ப சொல்லு," என்றார். "மெதுவாவே சொல்லு."

அம்மா எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். இந்த முறை மெதுவாக.

"என் தம்பி அதுல இருக்கானா?"

"இல்லீங்க. எனக்கு அவரைத் தெரியாதே."

"நான்?"

"உங்களை மாதிரி ஒருத்தர்."

"நான் எதுக்கு மெஷினைக் கழட்டினேன்னு எழுதியிருக்கே?"

"கூட இருக்கறவங்க பேச்சு பிடிக்காம."

"காது அரிச்சுது," என்றார். "அதான் கழட்டினேன்." தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு கையையும் கோட்டுக்குள் விட்டுக்கொண்டார். "அந்தக் கதை வெளியே வரக்கூடாது."

"வராதுங்க."

அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கதவு சாத்தப்பட்டது. அதன்பின் அவர் துணி கொண்டுவந்ததில்லை.

கதையைத் திருப்பி அனுப்பும்படி அம்மா அன்றைக்கே எழுதினாள். பத்திரிகை ஆசிரியர் வீட்டுக்குப் போன் செய்தார். அவர் கெஞ்சும் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "இந்த மாதிரி ஒண்ணு நீங்க இதுவரைக்கும் எழுதினதில்லம்மா. இனிமே எழுதுவீங்களான்னும் தெரியாது."

"தெரியுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முதலாளியிடமும் சொன்னாள். வேலை போகவில்லை. ஆனால் பாக்கெட் பார்க்கும் வேலையை இஸ்திரிக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அவர் ஒரு மாதம் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே, ஒரு கோட்டிலிருந்து விழுந்த சோழியைத் தூரத்திலிருந்து தூக்கிக் காட்டினார். அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

அதன்பிறகும் குளிர்காலங்களில் தினமும் அதே நேரத்துக்கு மேசையில் உட்கார்ந்தாள். எதிரே எதுவும் இருக்காது. "ஏதாவது வருதாம்மா?" என்று கேட்டால், "வந்தா எழுதறேன். போய் எடுத்துட்டு வரமாட்டேன்" என்பாள்.

சில வருஷம் வந்தது. சில வருஷம் வரவில்லை.