கூட்டிப் பெருக்கிய கண்ணாடி வீடு

அழகுமுத்துவுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சுத்தம். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஒரு கண்ணாடி வீடு இருந்தது. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். அதில் துரையின் மனைவி துரைசானி சீமை விதை வரவழைத்துக் காரமில்லாத பெரிய கறிமிளகாய் போட்டிருந்தார். செடிகள் அழகுமுத்துவின் பொறுப்பு.

தரையில் ஒரு சருகு கிடந்தால் துரைக்கு ஆகாது; அழகுமுத்துவுக்கு அதைவிட ஆகாது. விடிந்ததும் கூட்டி அள்ளி ஓடையில் கொட்டிவிட்டு, இலைகளின் மேல்பக்கத்தை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் அவர் மனைவி பேச்சியம்மாவிடம், "ஒன் மூஞ்சிய ஒருநா இப்பிடித் தொடச்சிருப்பாரா?" என்று கேலி பேசுவார்கள்.

ஐம்பத்து நாலாம் வருஷம் காய்ப்புக் குறைந்தது. கூடை நிறைய வந்த காய் ஒரு கைப்பிடிக்கு இறங்கியது, அதுவும் சூம்பிப்போய். அழகுமுத்து காயைக் கடைவீதியில் விற்கிறான் என்று துரைக்குச் சந்தேகம்.

"காய் எங்க போகுது?"

"பூவே நிக்க மாட்டேங்குதுங்க தொரெ. எல்லாம் கொட்டிப்போகுதுங்க."

துரை சுற்றிப் பார்த்தார். தரையில் ஒரு பூ இல்லை. இலைகள் பளபளவென்று இருந்தன.

"எங்க கொட்டியிருக்கு?"

விடிஞ்சதுமே கூட்டி ஓடையில கொட்டிட்டேன் என்று அழகுமுத்து சொன்னதைத் துரை நம்பவில்லை. விசாரணை முடியும்வரை பங்களாப் பக்கம் வராதே என்று உத்தரவாகிவிட்டது.

திருட்டுப் பட்டத்தோடு பத்துச்சீட்டு கிழித்து அனுப்பினால் வேலையும் குடியிருக்கும் லயக் காம்பராவும் சேர்ந்தே போகும். வேறு தோட்டத்திலும் எடுக்க மாட்டார்கள். பேச்சியம்மா அழவில்லை, சட்டி பானையைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள்.

"இப்பவே ஏன் கட்டுற?"

"கட்டுறதுதாங்க கஷ்டம். அவுக்கிறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

கண்ணாடி வீட்டில் துரைசானியே தண்ணீர் ஊற்றினார். பாவம், அவருக்குக் கூட்டத் தெரியாது. நாள் போகப்போகத் தரையெல்லாம் உதிர்ந்த பூவும் பிஞ்சும். துடைக்க ஆளில்லாத இலைகள் பிசுபிசுத்துக் கரி அப்பியதுபோல் கறுத்தன. ஒரு கிளையை அசைத்தார்; மாவைத் தூவியதுபோல வெள்ளை ஈ எழும்பியது. இலையைத் திருப்பினால் அடியெல்லாம் அதுதான். துரையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாள் காலை அழகுமுத்துவை அழைத்துவர ஆள் வந்தது. மன்னிப்பு என்ற சொல் துரைமார் கற்ற தமிழில் கிடையாது.

"காய் களவு போகல. காய்க்கவே இல்ல. வெள்ளை ஈ சாறு குடிச்சிருக்கு. வேலைக்கு வா" என்றார். துரைசானி மட்டும், "இனி நான் பார்த்தபிறகு கூட்டு" என்றார்.

பிறகு கதவை அடைத்துப் புகையிலைப் புகை போட்டு ஈயை ஒழித்தார்கள். அடுத்த பூ நின்றது.

அதற்கெல்லாம் முன்பு, துரை வேலைக்கு வரச்சொன்ன அன்றே அழகுமுத்து லயத்துக்கு வந்து விஷயத்தைச் சொல்லும்போதே அழுதுவிட்டார். போன உயிர் திரும்பியதுபோல் இருந்தது எங்களுக்கும். பேச்சியம்மா சாக்கை அவிழ்த்தாள். சட்டிகளை எடுக்கும் முன்பே விளக்குமாற்றை எடுத்து, உரல்மேல் ஏறி, அவருக்கு எட்டாத உயரத்தில் கூரையில் செருகினாள்.

"இந்தப் பக்கம் கை நீண்டுச்சு, ஒடிச்சிருவேன்" என்றாள்.