தலைக்குப் பின்னால் ஒரு வாய்

போர்வெல் வண்டியோடு தான்சானியாவுக்குப் போன என் மாமா, திரும்பும்போது அந்த நாட்டுப் பெண்ணான அத்தையைக் கட்டிக்கொண்டு வந்தார். திருச்செங்கோட்டில் எங்கள் பக்கத்து வீட்டிலேயே குடி வைத்தார். சொந்தபந்தம் அந்த அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்குள் எனக்கு அத்தையின் ஊர்க் கதைகள் பழகிவிட்டன. அவர் "பௌக்வா" என்பார். கேட்பவர் "பகாவா" என்று பதில் சொன்னால்தான் கதை நகரும்.

ஒருநாள் சாயங்காலம் கழுதைப்புலி மாப்பிள்ளையின் கதையைச் சொன்னார். அழகான ஆளாக உருமாறிப் பெண் கேட்டு வந்த அதற்கு, தலைக்குப் பின்னால் முடிக்குள் இன்னொரு வாய் இருந்ததாம். பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. பெண்ணின் தங்கைதான் முடியை விலக்கிப் பார்த்தாளாம்.

மறுநாள் ஜலகண்டாபுரத்திலிருந்து என் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பிடரி மறைய அடர்ந்த முடி. எனக்கு எட்டு வயது. அக்காவைக் காப்பாற்ற என்னை விட்டால் ஆளில்லை. பெரியவர்கள் மழையையும் தறியையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நாற்காலிக்குப் பின்னால் போய் இரண்டு கையாலும் அந்த முடியைத் தூக்கிப் பார்த்தேன். வெறும் கழுத்து. கொஞ்சம் பவுடர்.

"வாய் இல்லீங்கத்தை. நல்ல ஆளுதான்" என்று சமையலறை வாசலில் நின்ற அத்தையிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "ஒட்டு முடியான்னு பாக்கறதுக்குப் புள்ளைய உட்டீங்களாக்கும்?"

அப்பா பதில் யோசிப்பதற்குள் அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னை அறைந்தார். இனிமேல் கதை என்று வாயைத் திறக்கக் கூடாது என்று மாமா அத்தையிடம் கத்தினார். அத்தை, சரிங்க என்றார். அதன்பிறகு நான் எவ்வளவு கெஞ்சியும் அவர் ஒரு கதைகூடச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, என் மகளுக்கு நாமகிரிப்பேட்டையில் ஒரு வரன் வந்திருப்பதைச் சொல்ல அத்தை வீட்டுக்குப் போனேன். பேச்சு அந்தப் பழைய நாளுக்குப் போனது. அத்தை சிரித்தார்.

"மாப்பிள்ள போட்டோவுல அந்த முடியப் பாத்துட்டு, அந்தக் கதைய உனக்குச் சொல்லச் சொன்னதே உங்கக்காதான் சாமி. காலேஜு படிக்கோணும்னு அழுதா. கல்யாணம் வேணுமான்னு அவளை ஊட்டுல யாரு கேட்டாங்க?"

நான் அறை வாங்கியபோது அக்கா கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

வரன் விஷயத்தைச் சொன்ன அன்று என் மகளும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்துவிட்டேன்.