வெல்டினரிடம் கேட்டு வர நியூஜெர்சிக்கு

போன அக்டோபரில் என் மனைவி சுதா இறந்தாள். மார்ச் இரண்டாம் வாரம் மில்பிடாஸிலிருந்து நியூஜெர்சிக்குத் தனியாகப் போய் வந்தேன், யோசெஃப் வெல்டினரின் கையெழுத்துப் பிரதியைப் பார்க்க. பெயரே கேள்விப்பட்டதில்லையா? மூன்று வருஷம் முன்பு நானும் கேள்விப்பட்டதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர். வியன்னாவில் பிரபுக்கள் வீடுகளில் பியானோ வாசித்து, பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். கடைசிக் காலத்தில் விரல்கள் விறைத்துப்போய் மேடையை விட்டார், எழுதுவதை விடவில்லை. அப்போது எழுதிய மெதுவான ஒரு பகுதியைத்தான் சுதா வாசித்துக்கொண்டிருந்தாள்.

மகளை வகுப்பில் விட்டுவிட்டுக் காரில் சும்மா உட்காருவானேன் என்று நாற்பத்தொரு வயதில் பியானோ கற்க ஆரம்பித்தவள் அவள். கீமோவுக்குப் பிறகு மோதிர விரல் மரத்துப்போனது. புத்தகத்தில் ஸ்வரங்களுக்கு மேலே எந்த விரல் என்று எண் போட்டிருக்கும். கட்டைவிரல் ஒன்று, மோதிர விரல் நான்கு. அவள் நான்கை விட்டுவிட்டு மூன்றை வைத்துச் சமாளிப்பாள். நான் டெஸ்டிங் இன்ஜினியர், எழுதியிருப்பதற்கு மாறாக நடந்தால் பொறுக்காது. சோபாவில் சாய்ந்தபடியே "நாலு சுதா, நாலு!" என்பேன். எல்லா நான்குகளையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டும் கொடுத்தேன். பெரிய வித்வான் நான்!

"அங்க விரல் இருக்கறதே தெரியலைங்க. அந்த மனுஷனா இப்படித்தான் வாசிக்கணும்னு சொன்னாரு? போய்க் கேட்டுட்டு வாங்க," என்றாள் ஒருநாள். பிறகு அந்தப் புத்தகத்தை அவள் திறக்கவே இல்லை.

சான் பிரான்சிஸ்கோவில் காலை 7.45 விமானம், நியூவார்க்கில் மாலை 4.15. அங்கிருந்து ரயிலில் பிரின்ஸ்டன் ஜங்ஷன், ஐம்பது நிமிடம். கல்லூரி நண்பன் செந்தில் வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறான். மறுநாள் லீவு போட்டு அவனே பிரதி இருக்கும் நூலகத்துக்கு டிரைவ் பண்ணினான், 22 மைல்.

வாசிப்பறையில் நூலகர் அம்மா நான்கு தாள்களை, பழைய தாள் கசங்காமலிருக்க மேசையில் போட்டிருந்த சின்ன மெத்தைமேல் வைத்தார். பழுப்பு மை, அவசரக் கையெழுத்து. மூன்று முறை புரட்டினேன். ஓர் எண்கூட இல்லை.

"விரல் எண்கள் எங்கே?" என்று கேட்டேன்.

"அவர் போடவில்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலும் போட மாட்டார்கள். பிற்பாடு பதிப்பித்தவர்கள் சேர்த்தது. வாசிப்பவருக்கு எந்த விரல் வசதியோ அதை வைக்கலாம்," என்றார். கண்ணீர் தாளில் விழுந்துவிடப் போகிறதே என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அவர் சத்தமில்லாமல் டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார்.

காரில் செந்தில், "என்னடா இருந்துச்சு?" என்றான்.

"ஒண்ணுமே இல்லடா."

"ஐயையோ, அவ்ளோ தூரம் வந்தது வேஸ்ட்டா?"

பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டான். வேண்டாம், வீட்டுக்கே போய்விடலாம் என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். அறை பத்து முதல் நான்கு வரை. கட்டணம் கிடையாது. உள்ளே குளிரும், ஸ்வெட்டர் அவசியம். பையை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பேனாவை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், பென்சில் மட்டும்தான் அனுமதி. தப்பாக எழுதினாலும் அழித்துவிடலாம் அல்லவா?

ஊர் திரும்பியதும் சுதாவின் புத்தகத்தையும் ஒரு ரப்பரையும் எடுத்துக்கொண்டு பியானோ முன்னால் உட்கார்ந்தேன். பதினேழு வட்டங்கள். தாள்தான் கிழிகிறது, சிவப்பு போகவில்லை.