பிரவேத்துக்குத் தெரிந்த லட்சம் சொற்கள்

தாய்லாந்தின் நகோன் சவான் பேருந்து நிலையத்தில் வேன் ஓட்டும் பிரவேத்துக்கு ஒரு லட்சம் ஆங்கிலச் சொற்கள் தெரியும். ஆங்கிலம் தெரியாது.

எங்கள் ஊரில் இது அதிசயம் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே எழுத்துக்கட்டைகளைக் கையில் கொடுத்து, பலகையில் சொல் கோக்கும் ஆட்டத்தைப் பழக்கிவிடுகிறார்கள். எந்த எழுத்துகள் சேர்ந்தால் அகராதி ஒப்புக்கொள்ளும் என்று தெரிந்தால் போதும். அர்த்தத்துக்குப் புள்ளி கிடையாது, அதனால் அதை யாரும் சீண்டுவதில்லை. கியூ வந்தால் பின்னாலேயே யூ வர வேண்டும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தபோது, யூ இல்லாமல் கியூவை இறக்கும் சொற்கள் அத்தனையையும் பிரவேத் பதினான்கு வயதிலேயே உருப்போட்டிருந்தான். 'கனாட்' என்ற சொல்லை வைத்து மாகாணப் போட்டியில் ஒரு வாத்தியாரையே மண்ணைக் கவ்வ வைத்தான். அது நிலத்தடி வாய்க்கால் என்று அவனுக்குத் தெரிந்தபோது வயது நாற்பத்தெட்டு. ஆங்கில உயிரெழுத்து ஒன்றுகூட இல்லாமல் எழுதும் 'க்ரூத்' ஒரு பழைய நரம்பு வாத்தியமாம். அதுவும் அப்போதுதான் தெரிந்தது.

வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே எப்போதும் ஒரு சீட்டுக் கட்டு கிடக்கும். சீட்டின் முன்பக்கம் கலைத்துப் போட்ட ஏழு எழுத்துகள், பின்பக்கம் அவற்றால் ஆகும் சொற்கள். அத்தனையும் அவன் மனைவி லமுன் எழுதியது. அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டக்கூட வராது. அகராதியைப் பார்த்துப் பூக்கோலம் போல வரைந்து தள்ளுவாள். காலையில் அவன் பல் தேய்க்கும்போதே சீட்டை மூஞ்சிக்கு நேரே நீட்டுவாள். வாயில் நுரையோடு அவன் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இல்லாத வீடு, அந்தச் சத்தத்தில்தான் நிறைந்திருந்தது.

சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் அவள் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். "எங்க வீட்டுக்காரருக்கு லட்சம் இங்கிலீஷ் வார்த்தை தெரியும், உங்க பையனுக்கு எத்தனை தெரியும்?" என்று கடைக்காரியை வம்புக்கு இழுப்பாள். பிரவேத் கூச்சத்தில் நெளிவான். ஆனால் ஒரு நாளும் மறுத்ததில்லை. அவனுக்கு அது பிடித்திருந்தது.

அந்த மார்ச்சில் லமுனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு கிளினிக்கில் வயிற்றை ஸ்கேன் செய்த இளம் டாக்டர், ஒரு உறையைக் கையில் கொடுத்து, வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமைதான் பிரவேத் பாங்காக் போட்டிக்குக் கிளம்ப வேண்டும். லமுன் இல்லாமல் அவன் எந்தப் போட்டிக்கும் போனதில்லை.

வேனில் உட்கார்ந்தபடியே உறையைக் கிழித்து அவனிடம் நீட்டினாள்.

"நீயே படிச்சிடேன். வெள்ளிக்கிழமையே போகணுமா, வந்து பார்த்துக்கலாமா?"

தாளில் பத்து வரி ஆங்கிலம். பாதிக்கு மேல் அவனுக்குப் பழக்கமான சொற்கள். நடுவில் ஒன்றைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, 'அசைட்டிஸ்'! நீ எழுதின சீட்டுலயே இருக்கு. இதே ஏழு எழுத்தைக் கலைச்சா 'எக்டசிஸ்'னும் வரும்."

"சரிதான், வாத்தியாரே. பயப்படற மாதிரி ஒண்ணும் எழுதலையே?"

அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கத்தரிக்காய்க்காரி முதல் கோயில் பிக்கு வரை லட்சம் வார்த்தை, லட்சம் வார்த்தை என்று பறைசாற்றிய பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணுமில்ல. வாயுக்கோளாறு மாதிரிதான். போயிட்டு வந்து காட்டிக்கலாம்."

"அப்பாடா!" என்று அவள் உறையைக் கைப்பைக்குள் திணித்தாள்.

பாங்காக்கில் அவன் ஆறாவதாக வந்தான். அவள் கைதட்டினாள், பிறகு வலி தெரியாமல் இருக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். திரும்பியதும் சொங்கிரான் தண்ணீர்த் திருவிழா வந்தது, பிறகு மழை வந்தது. உறை கைப்பைக்குள்ளேயே கிடந்தது. "லமுன், இந்த வயசுல விசேஷமா?" என்று அவள் வயிற்றைப் பார்த்து ஸ்டாண்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆகஸ்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, உறையைப் பிரித்துப் பார்த்த டாக்டர், "மார்ச்லயே வந்திருக்கலாமே" என்றார். செப்டம்பரில் தகனம் முடிந்தது.

நூறாம் நாள் பிக்குகளுக்கு அன்னமிட்டு முடித்ததும், லமுனின் அக்கா சாயுட் ஒரு தாளை எடுத்து வைத்தாள். வாழைப்பழம் பொரித்து விற்கிறவள், எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று நின்று குரல் கட்டிப்போனவள்.

"இதுல கையெழுத்துப் போடு தம்பி. அந்தச் சின்ன டாக்டரைச் சும்மா விடறதா இல்ல. இவ்வளவு பெரிய வியாதியை வச்சுக்கிட்டு, வாயுக்கோளாறுன்னு சொல்லி அனுப்பியிருக்கான் படுபாவி. அவளே எங்கிட்ட சொன்னா."

புகார்க் கடிதம். டாக்டரின் பெயர், கிளினிக்கின் பெயர், எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. புருஷன் கையெழுத்துதான் பாக்கி. போட்டால் அவன் தப்பித்தான், டாக்டர் தொலைந்தான். பேனாவை வாங்கிக்கொண்டான். பிறகு கீழே வைத்துவிட்டான்.

"டாக்டர் சொல்லல அக்கா. நான்தான் சொன்னேன்."

"நீ எப்படிச் சொல்லுவ?"

"படிச்சுப் பார்த்துட்டுச் சொன்னேன். எனக்கு அர்த்தம் தெரியாது அக்கா. ஒரு சொல்லுக்கும் தெரியாது. எழுத்து மட்டும்தான் தெரியும்."

சாயுட் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிக்குகளின் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பவாவது தெரியுமா?"

தெரியும். தகனம் முடிந்த மறுநாளே அகராதியில் பார்த்திருந்தான். ஒவ்வொரு சீட்டாக எடுத்து, அவள் வரைந்த எழுத்துகளுக்குக் கீழே தாய் மொழியில் பொருள் எழுதிக்கொண்டிருந்தான். கனாட், க்ரூத் எல்லாம் அந்த வழியில் வந்து சேர்ந்த ஞானம்தான்.

"'எக்டசிஸ்'னா குறுகலா சொல்ல வேண்டிய அசையை நீட்டிச் சொல்றது" என்றான்.

"நான் அதைக் கேட்கல."

அவன் தலை குனிந்தான்.

"இன்னொண்ணு... வயித்துல நீர் கோத்துக்கறது."

சாயுட் கடிதத்தை நான்காக மடித்துக் கூடைக்குள் போட்டாள். கிழிக்கவில்லை. எழுந்து இடுப்பில் சுற்றிய துணியை உதறிக் கட்டிக்கொண்டாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அவ கேட்டாளே, அப்போ சொல்லியிருக்கணும்."